படம் கீறிச் சீவிக்கலாமோ? வன்னி ஓவியர் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில், முள்ளியவளைப் பக்கத்தில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகப் படம் கீறுகிறேன். அதில் பாதிக் காலம், பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து வகுப்பு, மதிற்சித்திரம், சின்னக் கண்காட்சி என்று எதையாவது நடத்திக்கொண்டும் வருகிறேன். தேத்தண்ணிக் கடையில், செத்தவீட்டில், பஸ்ஸில், வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார் நடுவில் என்று எங்கே நின்றாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நீங்கள் உண்மையில ஆர்? ஓவியரோ, பெயின்ரரோ, மாஸ்ரரோ?

மூன்றும்தான். சந்தியில் நின்று பெயின்ரர் அண்ணை வீடு எது என்று கேட்டால் உடனே காட்டுவார்கள். ஓவியர் வீடு என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். எண்பதுகளின் நடுவில் முல்லைத்தீவு ரவுணில் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரிடம் தூரிகை கழுவப் போனேன். ஒரு வருடம் கழுவினேன். பிறகு எழுத்துக்கு உள்நிறம் நிரப்ப விட்டார். 'ழ'வின் சுழியை ஒரே இழுப்பில் முடிக்க இன்னொரு வருடம் போனது. முகம் கீறும்போது தாடைக்கோட்டை இன்றைக்கும் அந்த 'ழ' எழுதிய கைதான் இழுக்கிறது.

மாஸ்ரர் என்பது வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். பாடசாலை நியமனம் எனக்குக் கிடைத்ததில்லை. விண்ணப்பிக்கத் தகுதியும் இருக்கவில்லை.

வன்னியில ஓவியர் எண்டு ஆர் இருந்தவை? அதெல்லாம் யாழ்ப்பாணத்து விசயமல்லோ?

அதிகம் கேட்கப்படுவதும் எனக்கு அதிகம் கோபம் வருவதும் இந்தக் கேள்விக்குத்தான். கேட்பவர்களும் வன்னி ஆக்கள்தான். கோயில் வாகனத்துக்கு வர்ணம் தீட்டியவர் ஓவியர் இல்லையா? இசை நாடகத்துக்குத் தெருச் சீன், காட்டுச் சீன், தர்பார் சீன் என்று பன்னிரண்டு முழத் துணியில் கீறியவர்? கடைப் பலகையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெயில் பட்டு மின்னுவதுபோலத் தீட்டியவர்? எங்கள் ஊரில் இவர்கள் எல்லாருக்கும் தொழிற்பெயர் இருந்தது, ஓவியர் என்ற பெயர் மட்டும் இருக்கவில்லை. படத்தின் கீழே கையெழுத்து வைக்கும் வழக்கமும் இல்லாததால் ஆர் கீறியது என்று இப்போது கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் ஓவியத்தைத்தான் கேட்கிறீர்கள் என்றால், யாழ்ப்பாணத்தில் அது முந்தித் தொடங்கியது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கதையும் வன்னிக்குள் நடந்து வந்திருக்கிறது. குருநகரில் 1933 இல் பிறந்த மாற்கு மாஸ்ரர், பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தவர், 1995 இடப்பெயர்வில் தன் படங்களைப் பெருமளவில் விட்டுவிட்டு வன்னிப் பக்கம் வந்தார். 2000 இல் காலமானார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர்தான் யாழ். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன்.

இன்னொன்று. வன்னி என்பது ஒரு மாவட்டம் இல்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னாரின் பெருநிலம் எல்லாம் சேர்ந்தது. தேர்தல் என்று வந்தால் கிளிநொச்சியை யாழ்ப்பாணத்தோடு சேர்த்துவிடுவார்கள். அது வேறு கதை.

எங்க படிச்சனீங்கள்?

பலகைக் கடையில். மேலே சொன்னதுதான். மிச்சத்தைச் சண்டைக்காலப் பொருளாதாரத் தடை படிப்பித்தது. தொண்ணூறுகளில் பற்றரி, சீமெந்து, மண்ணெண்ணெய் எதுவும் ஒழுங்காக உள்ளே வராத காலத்தில் பெயின்ற் எங்கே வரும்? கறுப்பை விளக்குக் கரியிலும் சிவப்பைச் செம்மண்ணிலும் எடுக்கப் பழகினோம். சண்டையால் மூடிக்கிடந்த ஏ9 பெருந்தெரு 2002 இல் திறந்தபோது முதன்முதலாகக் கொழும்பில் வாங்கிய நல்ல தூரிகை ஒன்று கைக்கு வந்தது. அதைப் பாவிக்க மனம் வராமல் மூன்று மாதம் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

என்ர மகன் வடிவாய்க் கீறுவான். சித்திரம் எடுத்தால் பிறகு வேலை இருக்கோ?

சாதாரண தரத்தில் அழகியல் பாடங்களில் ஒன்றாகச் சித்திரத்தை எடுக்கலாம். கீறத் தெரிந்தால் மட்டும் போதாது. சீகிரியா, அஜந்தா என்று கலை வரலாறும் எழுத வேண்டும், பலர் சறுக்குவது அதில்தான். உயர்தரத்திலும் கலைப் பிரிவில் சித்திரம் உண்டு. அதற்கு மேலே யாழ். பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் என்று தமிழில் படிக்க வழி இருக்கிறது. இவற்றுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் காணாது, உளச்சார்புப் பரீட்சையும் இருக்கும். கல்வியியற் கல்லூரி வழியாகச் சித்திர ஆசிரியராகலாம்.

வேலை என்று கேட்டால் ஆசிரியர் வேலைதான் பெரும்பாலும். மிச்சப்பேர் அச்சகத்தில், விளம்பர வடிவமைப்பில், திருமண மேடை அலங்காரத்தில் இருக்கிறார்கள். என்னிடம் படித்த ஒருவர் கேக் செய்கிறார். அந்தக் கேக்கின் மேல் அவர் கீறும் தாமரையைப் பார்த்தால் வெட்ட மனம் வராது. படத்தை மட்டும் விற்று வன்னியில் குடும்பம் நடத்துகிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. நானும் அதில் சேராதவன். இதைத் தகப்பன்மாருக்கு மறைக்காமல் சொல்வேன். சொன்ன பிறகும் பிள்ளையை விடுகிறவர்கள்தான் கடைசிவரை விடுகிறார்கள்.

எத்தினை வயதில சேர்க்கலாம்?

பென்சிலை வாயில் வைக்காத வயதில். மேல் எல்லை இல்லை. இப்போது வருகிறவர்களில் மூத்தவருக்கு எழுபத்தி நாலு.

பிள்ளைக்குப் பார்த்துக் கீற நல்ல படம் ஒண்டும் குடுக்கிறியள் இல்லையே, ஏன்?

புதிதாக வரும் பிள்ளையிடம் 'உன்ர ஊரைக் கீறு' என்றால் என்ன வரும் தெரியுமா? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓட்டு வீடு ஒன்று. வன்னியில் மலை எங்கே இருக்கிறது? மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் சைக்கிளில் போனாலும் மூச்சு வாங்கும் ஏற்றம் ஒன்று இல்லை. பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைக் கீறவில்லை, புத்தகத்திலும் கலண்டரிலும் பார்த்த படத்தைக் கீறுகிறது.

அதனால் முதல் மூன்று மாதமும் பார்த்துக் கீறப் படம் கொடுப்பதில்லை. குளக்கட்டில் இருத்துவேன். தண்ணீர் வற்றின குளத்தில் மாடு நடந்த தடம், பாலை மரத்தின் பட்டை, வயலுக்குள் தனியாக நிற்கும் பனை, கடைவாசலில் சாய்ந்து நிற்கும் சைக்கிள். சைக்கிள்தான் கடினம். இரண்டு சில்லும் ஒரே அளவில் வந்தால் அன்றைக்குத் தேத்தண்ணியோடு பணிஸ் ஒன்று. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்வந்த கிழமை மட்டும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாற்செம்பு, காவடி, சனம், கடலை விற்கிறவர், கடல்நீரில் எரியும் விளக்கு எல்லாம் தானாக வரும். போன வருடம் ஒரு சின்னப்பிள்ளை விளக்கைக் கீறாமல் அதைப் பார்க்க எட்டி நிற்கிற ஆக்களின் பின்பக்கத்தை மட்டும் கீறியிருந்தது. அவளின் உயரத்துக்கு அதுதான் தெரிந்திருக்கும்.

சாமான் வாங்க வசதியில்லை. கலர்ப் பெட்டி இல்லாமல் வரலாமோ?

வரலாம். 2022 இல் மேல் மாகாணத்தில் தாள் தட்டுப்பாட்டால் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அந்த வருடமும் எங்கள் வகுப்பு நிற்கவில்லை. தடைக்காலத்தில் பழகியது கைகொடுத்தது. கலண்டரின் பின்பக்கம், பிரித்துக் கழுவிக் காயவைத்த சீமெந்துப் பையின் உட்தாள், கடையில் கேட்டால் சும்மா தரும் மட்டைப்பெட்டி எல்லாம் நல்ல கீறுதளம். சீமெந்துத் தாளின் மண்ணிறத்தில் வெள்ளைச் சோக்கும் கரியும் சேர்ந்து வருகிற வடிவு வெள்ளைத்தாளில் வராது.

கரிக்குச்சி செய்வது இப்படி. பென்சில் மொத்தத்தில் புளியங்குச்சி வெட்டிப் பட்டையை உரித்து நிழலில் காயவையுங்கள். பால்மாப் பேணிக்குள் நெருக்கமாக அடுக்கி மூடியை இறுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போடுங்கள். அடுப்பு நெருப்புக்குள் வைத்தால் துளையால் புகை வரும். புகை நின்றதும் எடுத்து, பேணி முழுக்க ஆறும்வரை திறக்கவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். எல்லாப் பிள்ளையும் முதல் தடவை அவசரப்படும், அது பரவாயில்லை.

நிறத்துக்கு: செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் பொறுத்தால் மணல் அடியில் நிற்கும். மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி வற்றவிட்டால் மாவாக நிறம் கிடைக்கும். விளாம்பிசினை இரவு ஊறவைத்து வடித்து அதில் குழைத்தால் தாளில் ஒட்டும். பிசின் கூடினால் காய்ந்தபின் வெடிக்கும், குறைந்தால் கையில் ஒட்டிக்கொண்டு வரும். மஞ்சள்தூள் நிறம் பார்க்க வடிவு, ஆனால் வெளிச்சத்தில் ஒரு மாதத்தில் வெளுத்துவிடும். அதை நம்பிப் பெரிய படம் தொடங்காதீர்கள்.

மதில்ல கீறின படம் ஒரு மாரியோட உரிஞ்சு போச்சுதே, பெயின்ற் கூடாததோ?

பெயின்ற்றைக் குற்றம் சொல்லாதீர்கள். 2019 நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளம்பிள்ளைகள் மதில்களில் கீறத் தொடங்கினார்கள். கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் எல்லா இடமும் நடந்தது. அந்த உற்சாகம் எனக்குப் பிடித்தது. ஆனால் நவம்பர், டிசம்பர் என்பது எங்களுக்கு உச்ச மாரி. ஈரச் சுவரில் எமல்ஷன் பூசினால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வரப் பார்க்கும். பெயின்ற் தோலைக் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டுதான் அது வரும்.

மாசி முடிந்து, சுவரில் உள்ளங்கையை வைத்தால் குளிர் தெரியாத காலத்தில் தொடங்குங்கள். புதுப்பூச்சு என்றால் பூசி நாலு கிழமையாவது விட வேண்டும், சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்னும். பழைய சுவர் என்றால் பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சிக் கழுவிக் காயவிடுங்கள். அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த ஒரு முழத்துக்குள் முகமோ எழுத்தோ வைக்காதீர்கள், திரும்பவும் பூக்கும். நான் அந்த இடத்தில் எப்போதும் புல்லும் மண்ணும்தான் கீறுவேன். உரிந்தாலும் இயற்கையாக இருக்கும். பிறகு வோல் பில்லர், அடிப்பூச்சு, அதற்கு மேல் வெளிச்சுவருக்குரிய எமல்ஷன். உட்சுவர் எமல்ஷன் விலை குறைவு என்று வாங்கினால் இரண்டாம் மாரியில் என்னைத் தேடி வருவீர்கள்.

பெருப்பிப்பதற்குப் புரொஜெக்டர் தேவையில்லை. சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரில் மேசன்மார் செய்கிறமாதிரி நீலம் தோய்த்த நூலை இழுத்து அடித்துப் பெரிய கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பிள்ளை. அனுமதி எடுக்க மறக்க வேண்டாம். பாடசாலை என்றால் அதிபர், கோயில் என்றால் பரிபாலன சபை, தெருவோரம் என்றால் பிரதேச சபை. எழுத்தில் எடுங்கள். வாயால் 'ஓம்' சொன்னவர் மாறிப்போன பிறகு, முடித்த மதில் ஒன்றுக்கு மேலே வெள்ளையடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அமைப்பாளர் அமைப்பாளர் எண்டுறியள், அதில என்ன வேலை இருக்கு?

திறப்பு. சனசமூக நிலையத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பங்கு. தலைவரிடம் போனால் செயலாளரிடம் என்பார், செயலாளர் தோட்டத்துக்குப் போயிருப்பார். பிறகு கதிரை. செத்தவீட்டுக்குப் போன கதிரை எட்டுச் செலவு என்கிற எட்டாம் நாள் சடங்கு முடியாமல் திரும்பாது. பிறகு கடிதம்: கிராம அலுவலருக்கு ஒன்று, பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தருக்கு ஒன்று, மண்டபம் கேட்டு ஒன்று. பிறகு பிளேன்ரீ, சீனி, கப்.

பகிடியாகச் சொன்னாலும் உண்மை இதுதான். வகுப்பு நடக்கும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் போகும். அந்த இரண்டு நாளும் என் படத்திலிருந்துதான் கழிகிறது. 2012 இல் தொடங்கிய பெரிய துணிப்படம் ஒன்று, நந்திக்கடலில் இறால் பிடிக்கிற ஆக்கள், இன்னும் இடது பக்கம் வெறுமையாக நிற்கிறது. மனைவி அதைத் திரைச்சீலையாகப் போடலாம் என்கிறார். சில நாள் எனக்கு எரிச்சல் வரும். மழைக்குள் குடையும் இல்லாமல் தாளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்து நின்றால் அந்த எரிச்சலைத் தொடர முடியாமல் போகும். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

ஆர் காசு தாறது? என்ஜிஓவோ?

சில நேரம். பெரும்பாலும் இல்லை. பெற்றோர் மாதம் கொடுப்பது தேத்தண்ணிக்கும் தாளுக்கும் காணும். பிரதேச கலாசாரப் பேரவை விழா வைத்தால் பரிசும் கொஞ்சச் சாமானும் வரும். கோயில் வேலை, பாடசாலைச் சுவர் வேலையில் வரும் கூலியில் மிச்சம்பிடித்து மிச்சத்தைப் பார்க்கிறேன்.

நிறுவனக் காசில் நல்லதும் நடந்திருக்கிறது, ஒழுங்கான தூரிகைகள் அப்படி வந்தவைதான். ஒருமுறை மட்டும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர் பிள்ளைகளின் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'அண்ணை, இதில கவலை காணாதே, கொஞ்சம் சண்டையைக் கீறச் சொல்லேலாதோ' என்று கேட்டார். அறிக்கைக்கு வேணுமாம். அந்தக் கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சண்டை முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், மாம்பழமும் கிரிக்கெற்றும் கீறியிருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம்: பிள்ளை 'தா' என்று சொன்னால் ஒழிய அதன் படம் மண்டபத்தை விட்டு வெளியே போகாது.

அப்ப நீங்கள் சண்டையைக் கீறுறேல்லையோ?

கீறுகிறேன், ஆனால் ஆரும் சொல்லிக் கீறுவதில்லை. பெரியவர்களுக்கு ஞாயிறில் ஒரு கூட்டம் வைக்கிறோம். அங்கே செய்கிற ஒரு பயிற்சி சனாதனன் செய்ததைப் பார்த்துக் கற்றது. 2011 இல் வெளிவந்த நூல் ஒன்றுக்காக அவர் இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாகக் கீறித் தரக் கேட்டார். அப்படி 80 வீடுகள் அதில் இருக்கின்றன. கீறத் தெரியாது என்கிற ஆளும் தன் வீட்டுத் தரைப்படத்தைக் கீறிவிடும் என்பதுதான் அதன் சிறப்பு.

எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா முதலில் கிணற்றை வைத்தார். கிணற்றிலிருந்து அடுக்களைக்கு எத்தனை எட்டு என்று விரலால் தாளில் நடந்து பார்த்து அடுக்களையை வைத்தார். மாமரம், மாட்டுக்கொட்டில், மகன் சைக்கிள் சாத்துகிற மூலை. சைக்கிள் மூலையில் பென்சிலை வைத்தபடி கனநேரம் இருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தலை நிமிர்த்தி, 'தம்பி, சைக்கிள் எனக்குக் கீற வராது, நீ கீறித் தா' என்றார். கீறிக் கொடுத்தேன். சில்லு இரண்டும் ஒரே அளவில் வந்தது.

என்ர பிள்ளை எல்லாத்தையும் கறுப்பிலதான் கீறுது. மனசில ஏதும் இருக்குமோ?

ஒரு பையன் தொடர்ந்து மூன்று கிழமை எல்லாவற்றையும் கறுப்பிலேயே கீறினான். தாய் பயந்துபோய் வந்தார். விசாரித்துப் பார்த்தால், அவன் பிந்தி வருகிறவன், அவன் வந்து சேர மற்றப் பிள்ளைகள் விட்டு வைத்த பஸ்டல் கறுப்பு மட்டும்தான். நிறத்தை வைத்து மனதை வாசிக்கிற வேலையை நான் செய்வதில்லை. எனக்கு அந்தப் படிப்பு இல்லை. நித்திரை குழம்பி, சாப்பாடு குறைந்து, ஒரே காட்சியைப் பல கிழமையாகக் கீறிக்கொண்டு, கேட்டால் ஒதுங்குகிற பிள்ளை என்றால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வகுப்பையும் நிற்பாட்ட வேண்டாம்.

பொம்பிளைப் பிள்ளை ஏணியில ஏறி மதில்ல கீறினால் ஊர் கதைக்காதோ?

கதைத்தது. இரண்டாம் மதிலோடு நின்றுவிட்டது. இப்போது எங்கள் கூட்டத்தில் ஏணி ஏறுகிறவர்களில் கூடப்பேர் பெண்கள்தான், பொடியள் வளர்ந்ததும் வேலைக்கு என்று போய்விடுகிறார்கள்.

உங்கட பழைய படங்கள் எங்க? ஒண்டையும் காணேல்லையே?

கடைப்பலகைகளை விட்டுவிடுங்கள். முல்லைத்தீவுக் கரையோரம் நான் எழுதியவற்றை 2004 ஆழிப்பேரலை கொண்டுபோனது. துணியில் கீறியவை இருபத்தேழு இருந்தன. 2008 கடைசியில் சண்டைக்குப் பயந்து ஓடத் தொடங்கியபோது அவற்றைச் சுருட்டிப் பொலித்தீனில் சுற்றி உழவுமெசினில் ஏற்றினேன். ஒவ்வொரு இடமாக மாற ஏற்றுகிற சாமான் குறைந்துகொண்டே வந்தது. முதலில் அலுமாரி, பிறகு தையல் மெசின், பிறகு நெல்லு மூட்டை. புதுக்குடியிருப்புக்கு அங்காலே ஒரு வளவில் கிடங்கு வெட்டிச் சுருளைத் தாட்டேன். பிறப்புச் சான்றிதழ்ப் பையோடு மட்டும் மெனிக் பாம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்து அந்த வளவைத் தேடியபோது அடையாளத்துக்கு வைத்த தென்னையும் இல்லை. மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தேன். வளவுக்காரர் நான் நகை தாட்டதாக நினைத்துக் கொஞ்சம் கோபப்பட்டார்.

இதனால் சில பழக்கங்கள் வந்துவிட்டன. பெரிய வேலையை ஹாட்போட்டில் செய்வதில்லை, துணியில்தான். சுருட்டும்போது நிறம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் விரிக்கும்போது வெடிக்கும். படத்தின் பின்னால் பெயர், ஊர், திகதி பென்சிலால் எழுத வேண்டும். இரண்டாம் கேள்விக்குச் சொன்ன அந்தப் பெயரில்லாத ஆக்களின் நிலை இந்தப் பிள்ளைகளுக்கும் வரக்கூடாது. முடித்த அன்றே போனில் படம் பிடிக்க வேண்டும். நேர் வெயிலில் பிடிக்காமல், மேகம் மூடிய நேரத்தில் வாசல் திண்ணையில் வைத்து, போனைத் தாளுக்கு நேராகப் பிடித்து. கண்காட்சித் துண்டுப்பிரசுரம், அழைப்பிதழ் எதையும் எறிவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இப்படியான தாள்களைச் சேர்த்து வைக்கிறது. கறையானுக்குக் கொடுப்பதை விட அது நல்லம்.

ஆக்கள் சேர்ந்து கீறினால் வந்து விசாரிப்பினம், உங்களுக்குப் பயமில்லையோ?

பாதுகாப்புத் தரப்பு ஆக்கள் வந்திருக்கிறார்கள். என்ன வகுப்பு, ஆர் காசு, ஆரார் வருகினம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். முன்பு அடிக்கடி, இப்போது குறைவு. மேலே சொன்ன கடிதங்களின் பிரதி இந்த நேரத்துக்குத்தான் உதவும், எல்லாம் ஒரு பைலில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை மட்டும் நான் கையில் கொடுப்பதில்லை, அதிபரிடம் கேளுங்கள் என்பேன். பயமில்லை என்று சொன்னால் பொய்.

வெளிநாட்டில இருக்கிறம். உங்கட படம் ஒண்டு வாங்கலாமோ? என்ன விலை?

வாங்கலாம். விலையை என்னிடம் கேட்டால் வெட்கத்தில் குறைத்துச் சொல்லிவிடுவேன், அதனால் மகள் சொல்லுவாள். 'பண்டாரவன்னியன் குதிரையில வாளோட நிக்கிற மாதிரி' என்று கேட்பவர்கள்தான் அதிகம். வெள்ளைக்காரரோடு சண்டைபிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் முகம் எப்படி இருந்தது என்று ஆருக்குத் தெரியும்? நான் கற்சிலைமடுக் கல்லைக் கீறித் தரட்டுமா என்று கேட்பேன். 1803 இல் அவரைத் தோற்கடித்ததாக எதிரி தானே நட்டு வைத்த கல், எங்கள் ஆள் அங்கே இருந்ததற்கு அதுதான் சாட்சி. இதுவரை இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் குதிரை கீறிக் கொடுத்தேன். வீட்டுக் கூரையும் ஒழுகத்தானே செய்கிறது.

இவ்வளவு செய்தும் கலாபூஷணம் எடுக்கேல்லையோ?

கலைஞர்களுக்கு அரசு தருகிற அந்த விருதுக்கு அறுபது வயது தாண்ட வேண்டும், விண்ணப்பிக்கவும் வேண்டும். எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால் மூன்று கேள்விக்கு முன்னால் பாருங்கள், ஒரு கிடங்குக்குள்.

இப்ப போனே நிமிசத்தில படம் கீறுதே. இனி ஏன் பழகுவான்?

2010க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தபோதும் இதைத்தான் கேட்டார்கள். பலகை எழுதுகிற தொழில் இரண்டு மூன்று வருடத்தில் படுத்தது உண்மை, அதை மறைக்கவில்லை. என் கடையும் அப்படித்தான் மூடியது. ஆனால் வகுப்புக்கு வருகிறவர்கள் பலகை வேணும் என்று வரவில்லையே. குளக்கட்டில் இருந்து மாட்டைப் பார்க்க வருகிறார்கள். போனில் வந்த மாட்டை ஒரு பிள்ளை எனக்குக் காட்டியது. வடிவாய்த்தான் இருந்தது. ஆனால் சீமை மாடு. எங்கள் மாட்டுக்கு விலா எலும்பு தெரிய வேண்டும்.

உங்களுக்குப் பிறகு ஆர்?

ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார், ஒருவர் கேக் செய்கிறார் என்று சொன்னேனே, இன்னொருத்தி சந்தையில் மீன் விற்கிறாள், ஏணியில் எல்லாரையும் விட உயரப் போகிறவள். போன தையில் சனசமூக நிலையத் திறப்புக்கு மூன்று பிரதி வெட்டி மூன்று பேரிடம் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் சைக்கிள் காற்றுப் போய்ப் பிந்திப் போக, மீன்காரி மண்டபத்தைத் திறந்து பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு இறக்கியிருந்தாள். பிளேன்ரீயும் ஊற்றியாகிவிட்டது. அரை மணித்தியாலம் பிந்தினதுக்கு எனக்குப் பேச்சு விழுந்தது.